அடிவயிறு என்பது மரியாதைச் சொல்

வாசகர் கேள்வி:

டாக்டரம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 36. மேலூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. இரண்டு பிள்ளைகள். சின்னவன் பிறந்தபோதே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டேன், ஒன்பது வருடம் ஆகிறது. மூன்று மாதமாக அடிவயிற்றில் வலது பக்கம் விட்டு விட்டு வலிக்கிறது. சில நாள் கனமாக இருக்கும், சில நாள் சுருக்கென்று குத்தும். மாமியார் சூட்டு வலி என்கிறார். வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன், தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தேன். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டால் நிற்கிறது, அப்புறம் திரும்ப வருகிறது. போன வருடம் என் அண்ணன் மகனுக்கும் வயிற்றுவலிதான். பேதிக்கு விளக்கெண்ணெய் கொடுத்தார்கள். ராத்திரி வலி நின்றுவிட்டது என்று எல்லோரும் தூங்கினோம். விடிந்தால் கடும் காய்ச்சல். பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், குடல்வால் வெடித்துவிட்டது என்றார்கள். எனக்கும் அதுவாக இருக்குமோ? எந்த வலிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், எதை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்? ஸ்கேன் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடுமா? இன்னொன்று, கடையில் நினைத்த நேரம் பாத்ரூம் போக முடியாது என்பதால் தண்ணீரைக் குறைத்துக்கொள்வேன், நீர் போகும்போது கொஞ்சம் எரிகிறது. இந்த மாதம் எட்டு நாள் தள்ளிப்போய் லேசாகப் பட்டதோடு சரி.

பெயர் வேண்டாம், மேலூர் வட்டம்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

இரண்டு பக்கக் கடிதத்தில் என்னை உட்காரவிடாமல் செய்தது கடைசி வரிதான். வெந்தயத்துக்கும் விளக்கெண்ணெய்க்கும் பின்னால், போகிற போக்கில், 'எட்டு நாள் தள்ளிப்போய் லேசாகப் பட்டதோடு சரி' என்று எழுதியிருந்தீர்கள். பதில் அச்சாகும்வரை காத்திருக்கக்கூடிய விஷயமில்லை அது. அதனால்தான் கடிதம் கைக்கு வந்த அன்றே ஆசிரியர் குழுவிலிருந்து உங்களுக்குப் போன் வந்தது: இன்றைக்கே மெடிக்கல் ஷாப்பில் கர்ப்பப் பரிசோதனை கார்டு வாங்கிப் பாருங்கள் என்று. 'ஆபரேஷன் பண்ணினவளுக்கு எதுக்கு அது?' என்று நீங்கள் சிரித்ததாகச் சொன்னார்கள். சிரித்தாலும் பார்த்தீர்கள். அன்றும் இல்லை, மூன்று நாள் கழித்துப் பார்த்தபோதும் இல்லை, அடுத்த வாரம் மாதவிலக்கும் வழக்கம்போல் வந்தது. அந்த நிம்மதியில்தான் இப்போது சாவகாசமாக எழுதுகிறேன்.

ஏன் அவ்வளவு அவசரம் என்பதை மற்றவர்களுக்காகவும் சொல்லிவிடுகிறேன். குடும்பக் கட்டுப்பாடு செய்தாயிற்று, இனி அந்தப் பேச்சே இல்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆயிரத்தில் சிலருக்கு, பல வருடம் கழித்தும், கரு தங்கிவிடுவதுண்டு. அப்படித் தங்கினால் அது கர்ப்பப்பைக்குள் போய்ச் சேராமல் கருக்குழாயிலேயே சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட இவர்களுக்கு மிக அதிகம். குழாய்க்குக் கர்ப்பப்பை மாதிரி விரியத் தெரியாது. பெரும்பாலும் ஆறாவது, எட்டாவது வாரத்தில் கிழிந்துவிடும். வெளியே பார்த்தால் துணியில் நாலு துளிதான், உள்ளே வயிறு முழுக்க ரத்தம். ஒரு பக்க அடிவயிற்று வலியோடு தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை, எழுந்தால் மயக்கம் என்று வரும். சிலருக்குத் தோள்பட்டை நுனியில் வலிக்கும். உள்ளே தேங்கிய ரத்தம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசையான உதரவிதானத்தை உறுத்துவதால் வருகிற வலி அது. தோள்வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த பெண்ணை உயிர் ஊசலாடும் நிலையில் தூக்கி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்ணுக்கு, நாள் தள்ளிப்போயோ வழக்கத்துக்கு மாறாகப் பட்டோ அடிவயிறு வலித்தால், முதலில் கார்டு டெஸ்ட். கல்யாணமாகிவிட்டதா, ஆபரேஷன் ஆகிவிட்டதா என்ற கேள்வியெல்லாம் அப்புறம். மயக்கமும் சேர்ந்திருந்தால் கார்டு வாங்கக்கூட நிற்க வேண்டாம், நேரே 108.

சரி, இப்போது உங்கள் வலிக்கு வருவோம். அதற்கு முன்னால் 'அடிவயிறு' என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

இத்தனை வருட அனுபவத்தில் சொல்கிறேன், நம் பக்கத்தில் அடிவயிறு என்பது ஒரு மரியாதைச் சொல். வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிற எல்லாவற்றையும் அதற்குள் போட்டு மூடிவிடுவோம். வெள்ளைப்படுகிற பெண்ணும் அடிவயிறு வலி என்பாள். நீர் பிரியாமல் ராத்திரியெல்லாம் நடந்துகொண்டிருந்த பெரியவரும் அதையேதான் சொல்வார். மூலம், இடுப்பு மடிப்பில் குடலிறக்கம், கணவனோடு சேரும்போது வலி, கர்ப்பப்பை இறக்கம், எல்லாமே ஓ.பி. சீட்டில் 'அடிவயிற்று வலி' என்றுதான் பதிவாகும். கூட மாமியாரோ மாமனாரோ நின்றால் சொல்லவே வேண்டாம். கேட்க வேண்டியதைக் கேட்காத டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார்.

நானும் அப்படி ஒருமுறை அனுப்பியிருக்கிறேன். ஹவுஸ் சர்ஜனாக இருந்த வருடம், ராத்திரி இரண்டு மணி இருக்கும். பதினாலு வயதுப் பையன், அப்பாவோடு வந்தான். 'அடிவயித்துல வலிக்குதாம்மா' என்று அப்பாதான் பேசினார். ஒரு தடவை வாந்தி எடுத்திருந்தான். படுக்கவைத்து வயிற்றைத் தொட்டால் மெத்தென்று இருந்தது, எங்கேயும் கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை. கை தொப்புளுக்குக் கீழே போகப் போக, கட்டியிருந்த கைலியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். வெட்கப்படுகிறான் என்று நினைத்து, மேற்கொண்டு பார்க்காமல் ஒரு ஊசி போட்டு அனுப்பிவிட்டேன். மறுநாள் சாயங்காலம் திரும்பி வந்தான், அப்போது நடக்கவே முடியவில்லை. விரை தன் தண்டிலேயே முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்று கறுத்துப்போயிருந்தது. ஒன்றை எடுத்துவிட வேண்டியதாயிற்று. முறுக்கு விழுந்து ஆறு மணி நேரத்துக்குள் பிரித்துவிட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம், ஒரு நாள் தாண்டினால் அபூர்வம். அந்தக் கைலியைப் பிடித்த பிடி இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. உங்கள் வீட்டிலும் பையன் வளர்கிறான். இனி நாலைந்து வருடத்தில் அவன் திடீரென்று அடிவயிறு வலிக்கிறது, குமட்டுகிறது என்றால், அவன் அப்பாவை விட்டுக் 'கீழே வலிக்குதாடா?' என்று நேராகக் கேட்கச் சொல்லுங்கள். ஆமாம் என்றால் விடியட்டும் என்று பார்க்காதீர்கள்.

கூச்சம் ஒரு பக்கம் இருந்தாலும், வலியைச் சொல்ல நம்மிடம் இருக்கிற சொற்கள் அருமையானவை. அதை நோயாளிகள் ஏன் டாக்டரிடம் வந்ததும் 'பெயின்' என்று சுருக்கிவிடுகிறார்கள் என்பதுதான் புரியவில்லை. 'முறுக்குது' என்றால், குழாய் மாதிரியான ஏதோ ஒரு உறுப்பு அடைப்பை எதிர்த்து இறுகி இறுகித் தளர்கிறது என்று எடுத்துக்கொள்வேன். குடல், சிறுநீர்க் குழாய், கர்ப்பப்பை எல்லாம் அந்த ரகம், வலி அலையலையாக வரும். 'கடுக்குது' என்றால் நீர்க்கடுப்பா சீதபேதியா என்று அடுத்த கேள்வி. 'எதுவோ இறங்குற மாதிரி கனமா இருக்கு' என்றால் கர்ப்பப்பையில் நார்க்கட்டியோ இறக்கமோ என்று நினைப்பு ஓடும். 'விண்ணு விண்ணுன்னு தெறிக்குது' என்றால் எங்கேயாவது சீழ் கோத்திருக்கிறதா என்று பார்ப்பேன். இதெல்லாம் துப்புதானே தவிர தீர்ப்பில்லை. ஆனால் 'சூட்டு வலி' என்று பெயர் வைத்த நிமிடத்தில் துப்புத் துலக்குவதையே நிறுத்திவிடுகிறோம். மதுரை வெயிலுக்கு மோரும் இளநீரும் குடிக்க வேண்டியதுதான், ஜிகர்தண்டாகூடக் குடியுங்கள், எனக்குப் பிடித்த சமாச்சாரம். வலிக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டு மூன்று மாதம் சும்மா இருப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

உங்கள் அண்ணன் மகன் கதையில் இரண்டு இடத்தில் சறுக்கல் நடந்திருக்கிறது, அதைச் சொன்னால் உங்கள் பயமும் தெளியும். குடல்வால் வலி பெரும்பாலும் அதன் இடத்தில் தொடங்குவதில்லை. அதன் நரம்பு தண்டுவடத்தில் போய்ச் சேருகிற மட்டத்தில்தான் தொப்புள் பக்கத்து நரம்பும் சேருகிறது. ஆகவே முதல் சில மணி நேரம் மூளைக்குத் தொப்புள் விலாசம்தான் போகும். பசி போய்விடும், குமட்டும். முந்தைய ராத்திரி சாப்பிட்ட பரோட்டா தலையில் எல்லோரும் பழியைப் போடுவார்கள். வீக்கம் முற்றி வயிற்றின் உட்சுவரைத் தொட்ட பிறகுதான் வலி கீழே இறங்கி வலது பக்கம் குத்தவைத்து உட்காரும். தொப்புளுக்கும் வலது இடுப்பெலும்பு முனைக்கும் ஒரு கோடு போட்டால், எலும்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் அந்த இடம். தொப்புளில் தொடங்கி இடம் மாறி, விடாமல் ஏறிக்கொண்டே போகிற வலி என்றால் குடல்வாலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இந்த நேரத்தில் பேதிக்கு விளக்கெண்ணெய் கொடுப்பது, வீங்கிப் புடைத்திருக்கிற குடல்வாலை மேலும் பிழிவது போல. அது முதல் சறுக்கல். இரண்டாவது, வலி நின்றதை நம்பித் தூங்கியது. உள்ளே அழுத்தம் ஏறி ஏறி வெடிக்கும்போது அந்த அழுத்தம் குறைந்து சிலருக்குக் கொஞ்ச நேரம் வலி அடங்கும். சில மணி நேரத்தில் வயிறு முழுக்கச் சீழ் பரவிக் காய்ச்சல் தூக்கும். நீங்கள் விடியக்காலையில் பார்த்தது அதைத்தான்.

ஒரு சின்ன வேடிக்கை. ஒத்தக்கடை தாண்டி ஆட்டோவில் வருகிறவர்களிடம் நான் கேட்கிற கேள்வி, 'வேகத்தடையில ஏறி இறங்குறப்ப எப்படி இருந்துச்சு?' விளையாட்டுக்குக் கேட்பதில்லை. இங்கிலாந்தில் இதையே ஆராய்ந்து 2012-இல் கட்டுரை வெளியிட்டார்கள். குடல்வால் அழற்சி உறுதியான 34 பேரில் 33 பேர் வேகத்தடையில் வலி எகிறியது என்று சொல்லியிருந்தார்கள். வேறு காரணத்தால் வலித்தவர்களிலும் சிலர் அப்படிச் சொன்னார்கள் என்பதால் இதை மட்டும் வைத்துக் கத்தியை எடுக்க மாட்டோம். ஆனால் வேகத்தடையே ஒன்றும் செய்யவில்லை என்று ஒருவர் சொன்னால் எனக்குப் பாதிக் கவலை குறையும்.

உங்களுக்கு வருவோம். மூன்று மாதமாக வந்து வந்து போகிறது, நடுவில் கடைக்குப் போகிறீர்கள், சாப்பிடுகிறீர்கள், தூங்குகிறீர்கள். குடல்வால் அழற்சி இப்படி நாள் கணக்குப் பார்த்து நடந்துகொள்வது அபூர்வம். அது வந்தால் ஒன்றிரண்டு நாளில் ஒரு முடிவுக்கு வந்துவிடும். உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் தெரிவது சிறுநீர்தான். காலையில் வீட்டில் போனால் மத்தியானம் சாப்பாட்டு நேரம்தான், அப்புறம் ராத்திரி கடை மூடும்வரை அடக்கல். அடக்கி வைத்த சிறுநீரில் கிருமி பெருகும், தண்ணீரும் குடிக்காவிட்டால் அதைக் கழுவி விடவும் வழியில்லை. கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தமே வந்தது. நல்லது. ஸ்டூல் வந்த கடைகளில்கூடப் பாத்ரூம் நாலாவது மாடியில், சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் போகிற மாதிரிதான் இருக்கிறது என்று என்னிடம் வருகிற பெண்கள் சொல்கிறார்கள். நீங்கள் தண்ணீரைக் குறைப்பதை என்னால் குறை சொல்ல முடியாது. ஆனாலும் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை போய்த்தான் ஆக வேண்டும். வேண்டுமானால் கடையில் அதற்கு அனுமதி கேட்கிற கடிதத்தை நான் எழுதித் தருகிறேன்.

அதே தண்ணீர்க் குறைச்சலில் கல்லும் சேரும். சிறுநீர்க் குழாயில் கல் இறங்கும்போது வலி முதுகுப்பக்க விலாவில் தொடங்கி முன்னால் தொடை இடுக்குவரை ஓடும். கல் கீழே வந்துவிட்டால் அடிவயிற்றில் மட்டும் நின்று அடிக்கடி நீர் முட்டும். அறைக்குள் வருகிறபோதே பாதி தெரிந்துவிடும். கல் வலிக்காரர் ஒரு இடத்தில் இருக்க மாட்டார். கட்டிலில் உருளுவார், எழுந்து சுவரைப் பிடிப்பார், மண்டி போடுவார். குடல்வால் வெடித்தவரோ ஆடாமல் அசையாமல், முழங்காலை மடக்கி, பேசினால்கூட வலிக்கும் என்பது போல மெல்லப் பேசுவார். 5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கல் பெரும்பாலும் தானாகவே போய்விடும். வாழைத்தண்டுச் சாறு குடிப்பதில் பெரிய தப்பில்லை, ஆனால் பெரிய கல்லை அது கரைக்கும் என்று காத்திருக்க வேண்டாம். கல்லோடு குளிர்க்காய்ச்சல் வந்தால் அது வேறு கணக்கு, அன்றைக்கே அடைப்பை எடுத்தாக வேண்டும்.

அடுத்தது கர்ப்பப்பையும் சினைப்பையும். அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் பதினான்கு நாள் முன்னால் முட்டை வெடிக்கும்போது ஒரு பக்கம் சுருக்கென்று குத்தி ஒன்றிரண்டு நாளில் போய்விடுவது சாதாரணம். மாதவிலக்கோடு ஒட்டிக்கொண்டு வருகிற, மாதாமாதம் ஏறிக்கொண்டே போகிற வலி என்றால் எண்டோமெட்ரியோசிஸ் இருக்கலாம், அதாவது கர்ப்பப்பையின் உட்சுவர் மாதிரியான சதை வெளியே வளர்கிற நோய். நாற்றத்தோடு வெள்ளைப்படுதலும் காய்ச்சலும் இருந்தால் கருக்குழாயில் தொற்று. அதற்குக் கணவருக்கும் சேர்த்து மருந்து கொடுக்க வேண்டும், அவர் வர மாட்டேன் என்பார், விடாதீர்கள். அப்புறம் இந்த 'நீர்க்கட்டி'. இரண்டு வேறு சங்கதிக்கு ஒரே பெயரை வைத்து எல்லோரையும் குழப்பிவிட்டோம். ஸ்கேனில் சினைப்பை ஓரத்தில் முத்து முத்தாகத் தெரிகிறதே, பி.சி.ஓ.டி., அது மாதவிலக்கைத் தள்ளிப்போடுமே தவிர வலிக்காது. தனியாக ஒரே கட்டியாக, 5 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்ததுதான் பெரும்பாலும் வலிக்கும். அது சினைப்பையோடு முறுக்கிக்கொண்டால் நின்ற இடத்தில் சுருண்டு விழுகிற வலியும் வாந்தியும் வரும். அதற்கும் அந்தப் பையனுக்குச் சொன்ன அவசரம்தான். ஸ்கேன் ரிப்போர்ட்டில் நீர்க்கட்டி என்று இருந்தால் எந்த நீர்க்கட்டி, எத்தனை சென்டிமீட்டர் என்று கேளுங்கள்.

வயிற்றுக்குள் எதுவுமே இல்லாமல் சுவரே வலிப்பதும் உண்டு. நாளெல்லாம் சேலைக் கட்டைத் தூக்கி மேல் தட்டில் வைக்கிறீர்கள். மல்லாந்து படுத்து, வலிக்கிற இடத்தில் ஒரு விரலை வையுங்கள். கையை ஊன்றாமல் தலையையும் தோளையும் மட்டும் தூக்குங்கள். விரலுக்குக் கீழே வலி கூடினால் அது தசை வலியாக இருக்க வாய்ப்பு அதிகம், குறைந்தால் சங்கதி உள்ளே இருக்கிறது. கூடவே மலச்சிக்கலையும் யோசியுங்கள், வலது பக்கமும் வரும். நம் நாட்டில் இன்னொன்றை மறக்கக் கூடாது: சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, வலது அடிவயிற்றில் மாதக்கணக்கில் வலி என்றால் குடல் டி.பி. நுரையீரலில்தான் டி.பி. வரும் என்பதில்லை. மருந்து அரசாங்கத்தில் இலவசம். ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு மலத்தில் ரத்தமோ, மலம் போகிற வழக்கத்தில் திடீர் மாற்றமோ இருந்தால் மூலம் என்று தீர்மானிக்காமல் குடலைப் பார்த்துவிட வேண்டும்.

ஸ்கேன் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். எந்த ஸ்கேன் சென்டர் வராந்தாவிலும் அந்தக் காட்சியைப் பார்க்கலாம். மடியில் லிட்டர் பாட்டில், காலை இறுக்கி வைத்துக்கொண்டு, 'இன்னும் முட்டல, இன்னும் ரெண்டு டம்ளர் குடிங்க' என்று நர்ஸ் சொல்லச் சொல்லக் குடித்துக்கொண்டிருக்கும் பெண்கள். சிறுநீர்ப்பை நிரம்பினால்தான் குடல் மேலே ஒதுங்கி, பின்னால் இருக்கிற கர்ப்பப்பையும் சினைப்பையும் தெரியும், அதற்காகத்தான் அந்தத் தண்டனை. அப்படி எடுத்தும் எல்லாம் தெரியாது. கட்டி, நீர், சிறுநீரக வீக்கம் நன்றாகத் தெரியும். குடலில் காற்று நிறைந்திருந்தால் குடல்வால் ஒளிந்துகொள்ளும். சிறுநீர்க் குழாயின் நடுவில் நிற்கிற சின்னக் கல் தப்பிவிடும். எண்டோமெட்ரியோசிஸ் பல பேருக்குத் தெரிவதே இல்லை. ஸ்கேன் நார்மல் என்றால் 'ஸ்கேனில் தெரிகிற எதுவும் இல்லை' என்று மட்டும்தான் அர்த்தம். வலி ஏறிக்கொண்டிருந்தால் நார்மல் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது.

மெடிக்கல் ஷாப் மாத்திரை பற்றியும் ஒரு வார்த்தை. மாதவிலக்கு வலி என்று நிச்சயமாகத் தெரிந்தால் சாப்பாட்டுக்குப் பின் ஒன்றிரண்டு நாள் போடுவதில் தப்பில்லை. காரணமே தெரியாமல் மூன்று மாதம் போடுவது வேறு. தண்ணீர் குடிக்காத உடம்பில் வலி மாத்திரை சிறுநீரகத்தையும் வயிற்றையும் பதம் பார்க்கும். வலி மாத்திரை போட்டால் நோய் மறைந்து டாக்டருக்குத் தெரியாமல் போய்விடும் என்று பயந்து துடித்துக்கொண்டே வருகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் தேவையில்லை. ஆஸ்பத்திரியில் வலிக்கு ஊசி போட்டாலும் எங்களால் கண்டுபிடிக்க முடியும். வீட்டிலேயே ஊசிக்கு மேல் ஊசி போட்டு நாளைக் கடத்துவதில்தான் ஆபத்து.

எதற்கு ஓட வேண்டும்? வலி தொடங்கி ஆறு மணி நேரம் ஆகியும் விடாமல் ஏறினால், வயிறு பலகை மாதிரி இறுகினால், இருமினாலே உயிர் போனால், அன்றைக்கே. பச்சையாக வாந்தி வந்து, வயிறு உப்பி, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் குடல் அடைத்திருக்கிறது. இடுப்பு மடிப்பில் எப்போதும் உள்ளே போகிற புடைப்பு இன்றைக்குக் கல் மாதிரி நின்று வலித்தால் குடலிறக்கம் நெரிபடுகிறது, அதைத் தேய்த்து உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், கறுப்பாகவோ ரத்தமாகவோ மலம், நீர் அடியோடு பிரியாமல் அடிவயிறு பந்து போல் எழும்புவது, கர்ப்பிணிக்கு வருகிற எந்தக் கடும் வலியும் இந்தக் கணக்கில்தான் சேரும். வயதானவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலி அவ்வளவாகத் தெரியாது. அப்பா சாப்பிடாமல் சோர்ந்து படுத்துக்கொண்டு 'லேசா வலிக்குது' என்றால் அந்த லேசை நம்ப வேண்டாம். கிளம்பும்போது சோறு, காபி எதுவும் கொடுக்காதீர்கள். ஆபரேஷன் தேவைப்பட்டால் வெறும் வயிறு நல்லது. ஓடுவதா வேண்டாமா என்று ராத்திரியில் திகைப்பாக இருந்தால் 104-க்குப் போன் போட்டுக் கேட்கலாம், அது அரசின் மருத்துவ ஆலோசனை எண்.

உங்களுடையது ஓட வேண்டிய வலி இல்லை, ஆனால் இந்த வாரத்தைத் தாண்டவிடக் கூடாது. வார விடுமுறையில் மேலூர் அரசு மருத்துவமனையிலேயே தொடங்குங்கள். சிறுநீர்ப் பரிசோதனை, ரத்தத்தில் சர்க்கரை, அப்புறம் மகப்பேறு டாக்டரிடம் உட்பரிசோதனை, அவர் சொன்னால் ஸ்கேன். பெரிதாக ஏதாவது வந்தால் பெரியாஸ்பத்திரிக்கு அவர்களே எழுதிக் கொடுப்பார்கள். தனியாரில் ஆபரேஷன் என்று யாராவது சொன்னால், குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லுமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்.

அதுவரை ஒரு வேலை. வீட்டில் தினசரி காலண்டர் இருக்குமே, கிழிக்கிற தாளைப் போட்டுவிடாமல் பின்பக்கம் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு வலித்தது, முறுக்கா குத்தலா கனமா, எத்தனை நாழிகை நின்றது, அன்றைக்கு எத்தனை தடவை நீர் போனீர்கள், மாதவிலக்கு எத்தனையாவது நாள். முப்பது தாள் சேரக் காத்திருக்க வேண்டாம், நாலைந்து சேர்ந்தாலும் ரப்பர் பேண்டு போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். கூட மாமியார் வந்தால், உட்பரிசோதனைக்கு என்று சொல்லி நர்ஸிடம் அவரை வெளியே உட்காரவைக்கச் சொல்லுங்கள். அப்போதும் வாய் வரவில்லையென்றால், எனக்கு எழுதினீர்களே அந்தக் கடைசி வரி, அதை ஒரு தாளின் முதல் வரியாக எழுதி டாக்டர் கையில் கொடுத்துவிடுங்கள்.